மேலே மண், கீழே நீர்: கோடைக் காய்கறிக்கு அடிநீர்த் தொட்டி

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் பிசானப் பருவ நெல் அறுவடை மாசி, பங்குனி மாதங்களில் முடிகிறது. அதன் பின்னர் கார் பருவத்திற்காக வாய்க்கால்களில் மீண்டும் தண்ணீர் வரும் வரை வயல்கள் காய்ந்து கிடக்கின்றன. கன்னடியன் கால்வாய்ப் பகுதியானாலும், மருதூர், திருவைகுண்டம் அணைக்கட்டுகளின் கடைமடையானாலும் இந்த இடைவெளி உண்டு. கொல்லையில் நிற்கும் கத்தரியும் மிளகாயும் வாடுவதும் இந்த மாதங்களில்தான். கடையில் காய்கறி விலை ஏறுவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். நெல் விளைவிக்கும் குடும்பம் தன் குழம்புக்குத் தக்காளியை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது.

இந்த மூன்று மாதத் தேவைக்கு உதவக்கூடிய எளிய முறை ஒன்று உண்டு. ஒரு தொட்டியின் மேற்பகுதியில் மண் கலவையும் அடிப்பகுதியில் நீரும் வைத்து, இரண்டிற்கும் நடுவே சிறிது காற்றுக்கு இடம் விட்டுச் செடி வளர்ப்பதே அம்முறை. மண்ணில் பயிரிடும் வழக்கமும், ஹைட்ரோபோனிக்ஸ் எனப்படும் நீர்வழி வளர்ப்பும் இதில் ஒன்று சேர்கின்றன. இதனை இக்கட்டுரையில் அடிநீர்த் தொட்டி என்று குறிப்பிடுவோம். இது எவ்வாறு வேலை செய்கிறது, எவ்வாறு அமைப்பது, எங்கே தவறும் என்பவற்றை முறையாகத் தெரிந்துகொள்வோம்.

நெல் நிற்கும் நீரில் கத்தரி ஏன் நிற்பதில்லை?

அம்பை 16 நெல் வயலில் தண்ணீர் தேங்கி நின்றாலும் பயிர் பசுமையாக வளர்கிறது. அதே வயலில் கத்தரி நாற்றை நட்டு, நான்கு நாட்கள் தண்ணீரைத் தேக்கினால் இலைகள் மஞ்சளாகித் தொங்கிவிடும். இரண்டிற்கும் தண்ணீர் வேண்டும். வேறுபாடு காற்றில் இருக்கிறது.

வேரும் மூச்சு விடுகிறது. அதற்கு உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், தேவை. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்று செல்லும் நுண்ணிய அறைகள் உண்டு. இலை வாங்கும் காற்று அந்த அறைகளின் வழியே வேருக்கு இறங்குகிறது. கத்தரி, தக்காளி, மிளகாய் போன்ற செடிகளில் இந்த வசதி போதிய அளவில் இல்லை. அவற்றின் வேர்கள் மண் துகள்களுக்கு இடையிலுள்ள காற்றை நம்பியே வாழ்கின்றன. அந்த இடைவெளிகளை நீர் அடைத்துக்கொண்டால் வேர் மூச்சுத் திணறி அழுகுகிறது.

நீரில் காற்று எவ்வளவு குறைவு என்பதைக் கணக்கால் உணரலாம். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லி கிராம் உயிர்வளி உள்ளது. 25 டிகிரி வெப்பமுள்ள ஒரு லிட்டர் நீரில் கரைந்திருப்பது சுமார் 8 மில்லி கிராம் மட்டுமே. நீரின் வெப்பம் 35 டிகிரியானால் அது 7 மில்லி கிராமாகக் குறைகிறது. அதுமட்டுமன்றி, காற்றில் பரவுவதைவிட நீரில் உயிர்வளி ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. எனவே தேங்கிய நீருக்குள் இருக்கும் வேருக்குப் புதிய உயிர்வளி எளிதில் வந்து சேர்வதில்லை.

இந்தப் பாடத்தின் மூலக் கருத்து இதுவே: காய்கறிச் செடியின் வேருக்கு நீர் எவ்வளவு தேவையோ காற்றும் அவ்வளவு தேவை. அடிநீர்த் தொட்டியில் செய்யும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டையும் ஒருங்கே கொடுப்பதற்காகத்தான்.

மண்ணில்லா வேளாண்மை வந்த வழி

செடிக்கு வேண்டிய சத்துகளை நீரில் கரைத்துக் கொடுத்தே செடியை வளர்க்க முடியும் என்பதை 1860ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியைச் சேர்ந்த சாக்ஸ், நாப் ஆகிய அறிஞர்கள் ஆய்வுக்கூடத்தில் நிறுவினர். 1929ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் கெரிக்கி இதைப் பெரிய அளவில் செய்து காட்டத் தொடங்கினார். ஹைட்ரோபோனிக்ஸ் என்ற பெயர் 1937இல் வழக்குக்கு வந்தது.

கெரிக்கியின் தொட்டி நம் பாடத்திற்கு மிகவும் பொருத்தமானது. அவர் செடியை வெறும் நீரில் மிதக்க விடவில்லை. சத்து நீர் நிரம்பிய தொட்டியின் மேல் கம்பி வலையை விரித்து, அதன்மேல் மணல் போன்ற பொருளைப் படுகையாகப் பரப்பி, அதில் செடியை நிறுத்தினார். மேல் வேர்கள் படுகையிலும் அடி வேர்கள் நீரிலும் வளர்ந்தன. நீரில் காற்றோட்டம் போதாமல் போவதே இம்முறையின் பெருஞ்சிக்கலாக இருந்தது.

நம் நாட்டில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் 1946இல் மேற்கு வங்காளத்திலுள்ள காலிம்பொங்கில் இவ்வாய்வைத் தொடங்கினார். விலையுயர்ந்த கருவிகள் இன்றி, கல்லும் மணலும் நிரப்பிய பாத்திகளில் உரக் கலவையை இட்டு நீர் ஊற்றும் எளிய முறையை அவர் வகுத்தார். வங்காள முறை என்ற பெயரில் அது 1951இல் நூலாக வெளிவந்தது. தமிழ்நாட்டில் 2013-14ஆம் ஆண்டில் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் மாடித் தோட்டத் திட்டம் தொடங்கப்பட்டபோது, தென்னை நார்க்கழிவு நிரப்பும் பைகள் வழங்கப்பட்டன. மண்ணுக்குப் பதில் வேறு பொருளில் செடி வளர்க்கலாம் என்பது இவ்வாறு வீட்டு மாடி வரை வந்து சேர்ந்தது.

மண்ணை ஏன் விட்டுவிடக் கூடாது?

குழாய்களில் சத்து நீரை ஓடவிட்டு, மண்ணே இல்லாமல் கீரை வளர்க்கும் கூடங்கள் இன்று பல ஊர்களில் உள்ளன. நீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் அவை நீரைச் சிக்கனம் செய்கின்றன என்பது உண்மை. ஆனால் வேரின் மேல் மெல்லிய படலமாக நீர் ஓடும் அக்குழாய்களில் மின்சாரம் நின்று மோட்டார் ஓயுமானால், வெயில் நாளில் சில மணி நேரத்திலேயே செடி வாடிவிடும். நீரின் காரத் தன்மையையும் உப்பின் அளவையும் அடிக்கடி கருவி கொண்டு பார்க்க வேண்டும். கணக்குத் தவறினால் திருத்திக்கொள்ள அவகாசம் கிடையாது.

மண்ணும் மக்கும் அந்த அவகாசத்தைத் தருகின்றன. அவை செய்யும் வேலைகள் மூன்று.

முதலாவது, மண் துகள்களும் மக்கிய பொருளும் சத்துகளைப் பிடித்து வைத்துச் சிறிது சிறிதாக விடுகின்றன. உரம் சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் செடிக்கு உடனே கேடு வருவதில்லை.

இரண்டாவது, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியமாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நீரில் கரையும் 19:19:19 உரத்தின் தழைச்சத்தில் பெரும்பகுதி பொதுவாக யூரியா வடிவில்தான் இருக்கிறது. நுண்ணுயிர் இல்லாத வெறும் நீரில் அது செடிக்குச் சரிவரப் பயன்படாது. மண் இருந்தால் பயன்படும்.

மூன்றாவது, அடியில் நீர் தீர்ந்துவிட்டாலும் மண்ணில் உள்ள ஈரம் செடியை ஒரு நாளாவது தாங்கும்.

தொட்டி அமைக்கும் முறை

60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் உள்ள பெட்டி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். உறுதியான பிளாஸ்டிக் பெட்டி, சிமெண்டுத் தொட்டி, அல்லது தடித்த பிளாஸ்டிக் தாள் உள்ளே விரித்த மரப்பெட்டி எதுவானாலும் சரி. பூச்சிமருந்தோ அமிலமோ வேறு இரசாயனமோ இருந்த பீப்பாயை எத்தனை முறை கழுவினாலும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

1. சுமார் 11 செ.மீ. விட்டமுள்ள பி.வி.சி. குழாயில் 55 செ.மீ. நீளமுள்ள மூன்று துண்டுகளை வெட்டிக்கொள்ள வேண்டும். வீடு கட்டியபோது மிஞ்சிய துண்டுகள் போதும். ஒவ்வொன்றிலும் சுற்றிலும் 5 செ.மீ.க்கு ஒன்றாகப் பென்சில் பருமனில் துளைகள் இட வேண்டும். இரு முனைகளையும் நைலான் வலையால் கட்டி மூட வேண்டும்.

2. துண்டுகளைப் பெட்டியின் அடியில் நீளவாக்கில், இடையே சிறிது இடம் விட்டுப் படுக்க வைக்க வேண்டும். இவையே நீர் தங்கும் அறைகள்.

3. நடுக்குழாயின் மேல் ஒரு துளையிட்டு, ஓர் அங்குலக் குழாயைச் செங்குத்தாகச் செருக வேண்டும். இது பெட்டியின் விளிம்புக்கு மேல் ஒரு சாண் நீண்டிருக்கட்டும். நீர் ஊற்றுவது இதன் வழியேதான்.

4. பெட்டியின் பக்கச் சுவரில், அடியிலிருந்து 8 செ.மீ. உயரத்தில் விரல் நுழையும் அளவு துளை ஒன்று இட வேண்டும். இது வழிந்தோடும் துளை. நீர் இதற்கு மேல் ஏறாது. அதற்கும் மண்ணுக்கும் இடையில் குழாய்களுக்குள் காற்று நிற்கும். தொட்டியின் உயிர்நாடி இந்தத் துளையே. இதை எக்காரணம் கொண்டும் அடைக்கக் கூடாது.

5. பெட்டியின் அடிமட்டத்தில் இன்னொரு துளையிட்டு, அதைத் தக்கையால் அடைத்து வைக்க வேண்டும். உப்பைக் கழுவி வெளியேற்ற இது தேவைப்படும்.

6. குழாய்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் மக்கிய தென்னை நார்க்கழிவும் சிறிது மணலும் கலந்து அழுத்தி நிரப்ப வேண்டும். விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல இந்தப் பகுதி நீரை உறிஞ்சி மேலே அனுப்பும். இந்த இடத்தில் மக்காத சாணமோ தழையோ சேர்க்கக் கூடாது. நீருக்குள் காற்றின்றி அவை அழுகித் துர்நாற்றம் எடுத்து வேரைக் கெடுக்கும்.

7. குழாய்களுக்கு மேல் 26 செ.மீ. உயரத்திற்கு மண் கலவையை நிரப்ப வேண்டும். மேலே 3 செ.மீ. இடம் விடலாம்.

குழாய்த் துண்டு கிடைக்காதவர்கள் சிறிய மண்சட்டிகளில் துளையிட்டுக் கவிழ்த்து வைக்கலாம். கல்லும் சரளையும் போட்டு நிரப்பலாம் என்று சிலர் எண்ணுவர். அவ்வாறு செய்தால் இடத்தின் பெரும்பகுதியைக் கல்லே பிடித்துக்கொள்ளும். நீருக்குக் கிடைப்பது பாதிக்கும் குறைவு.

மண் கலவை

செம்மண் ஒரு பங்கு, மக்கிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு என்ற அளவில் கலந்து, பெட்டிக்கு 100 கிராம் வேப்பம் பிண்ணாக்குத் தூள் சேர்க்க வேண்டும்.

எந்த மண்ணையும் தனியாகப் போடுவது சரியன்று. கரிசல் மண் ஈரத்தில் உப்பிக் காற்றை அடைத்துவிடும். வயலின் வண்டல் மண் தொட்டியில் இறுகிப்போகும். தேரி மணலில் நீர் போதிய உயரத்திற்கு ஏறாது. நீர் மேலே ஏற நுண்ணிய இடைவெளியும், காற்று நிற்கப் பெரிய இடைவெளியும் வேண்டும். நார்க்கழிவு கலந்த செம்மண்ணில் இவை இரண்டும் அமைகின்றன.

அம்பாசமுத்திரம், தென்காசி வட்டாரங்களில் தென்னந்தோப்புகள் மிகுதி. கயிறு, நார் ஆலைகளில் கிடைக்கும் நார்க்கழிவை அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதில் கரியின் அளவு தழைச்சத்தைப்போல் 112 மடங்கு உள்ளது. அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் செடிக்குரிய தழைச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மக்க வைத்தால் இவ்விகிதம் 24 மடங்காகக் குறைகிறது.

200 கிலோ நார்க்கழிவுக்கு ஒரு புட்டி காளான் வித்தும் ஒரு கிலோ யூரியாவும் போதும். நிழலில் 100 கிலோ நார்க்கழிவைப் பரப்பி அதன்மேல் வித்தைத் தூவ வேண்டும். அடுத்த 100 கிலோவை அதன்மேல் பரப்பி யூரியாவைத் தூவ வேண்டும். ஈரம் காயாமல் நீர் தெளித்து வந்தால் சுமார் 60 நாட்களில் கறுத்து மக்கிவிடும். கட்டியாக விலைக்கு வாங்கும் நார்க்கழிவானால், இரண்டு மூன்று முறை நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து உப்பை நீக்கிய பின்னரே கலக்க வேண்டும்.

ஒரு நிரப்பு எத்தனை நாள் வரும்?

மூன்று குழாய்களிலும் சேர்ந்து 8 செ.மீ. மட்டம் வரை ஏறக்குறைய 11 லிட்டர் நீர் தங்கும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லி மீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். நம் பெட்டியின் பரப்பு 0.24 சதுர மீட்டர். கோடையில் ஒரு நாளைக்கு 7 மில்லி மீட்டர் நீர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், பெட்டிக்கு நாள்தோறும் சுமார் 1.7 லிட்டர் செலவாகும். அப்படியானால் 11 லிட்டர் ஆறு நாட்களுக்கு வரும். தக்காளி முழுதாக வளர்ந்து பெட்டிக்கு வெளியே படர்ந்து நிற்கும்போது மூன்று நான்கு நாட்களிலேயே தீர்ந்துவிடலாம்.

சாதாரணத் தொட்டிக்குக் கோடையில் காலையும் மாலையும் நீர் ஊற்ற வேண்டியிருக்கும். ஊற்றும் நீரில் ஒரு பகுதி அடித்துளை வழியே ஒழுகிப்போகும். இன்னொரு பகுதி மேல்மண்ணிலிருந்தே ஆவியாகும். அடிநீர்த் தொட்டியில் ஒழுகல் இல்லை. மேல்மண்ணை வைக்கோலாலோ காய்ந்த சருகாலோ மூடிவிட்டால் ஆவியாவதும் குறையும். அடிகுழாயிலிருந்து குடத்தில் நீர் சுமந்து வரும் இல்லத்து மகளிருக்கு இதனால் குறையும் உழைப்பு சிறிதன்று.

நடவும் பயிர்களும்

குழித்தட்டில் வளர்த்த நாற்றுகள் இதற்கு ஏற்றவை. வேர் அறுபடாமல் நடலாம். தக்காளி நாற்றை 25 நாளிலும், கத்தரியை 30 நாளிலும், மிளகாயை 35 நாளிலும் நடலாம். பெட்டி ஒன்றுக்குத் தக்காளி அல்லது கத்தரி இரண்டு செடிகள், மிளகாய் அல்லது வெண்டை மூன்று அல்லது நான்கு செடிகள் போதும். கீரையை வரிசையாக விதைக்கலாம். நிலத்தடியில் விளையும் சேனை, கருணை போன்ற கிழங்குகள் இதற்கு ஏற்றவை அல்ல.

நட்டவுடன் அடியறையில் நீர் நிரப்பக் கூடாது. முதல் இரண்டு வாரங்கள் பூவாளியால் மேலிருந்தே நீர் ஊற்ற வேண்டும். வேர் கீழே இறங்கத் தொடங்கிய பின் அடியறையை நிரப்பலாம். அதன் பின்னர் அறை காலியானதும் உடனே நிரப்பாமல், ஓர் இரவு காலியாக விட்டு மறுநாள் காலையில் நிரப்புவது நல்லது. அப்போது வெளிக்காற்று உள்ளே புகும். நீர் மட்டத்திற்கு மேல் காற்றில் தொங்கும் வேர்கள் காற்றை வாங்கப் பழகியவை. வழிந்தோடும் துளையை அடைத்து மட்டத்தை உயர்த்தினால் அந்த வேர்கள் மூழ்கி இறந்துவிடும்.

உரமிடுதல்

கீரைக்கு மண் கலவையிலுள்ள மண்புழு உரமே போதும். அடியறையில் வெறும் நீர் ஊற்றினால் சரி. காய் காய்க்கும் செடிகளுக்கு, நட்ட மூன்றாவது வாரத்திலிருந்து சத்து நீர் தேவைப்படும். ஒரு நிரப்புக்கு 19:19:19 உரத்தை லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் 11 கிராம் கரைத்து ஊற்ற வேண்டும். அடுத்த நிரப்புக்கு வெறும் நீர். அதற்கடுத்த நிரப்புக்குக் கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் இட வேண்டும். பின்னர் மீண்டும் வெறும் நீர். இவ்வாறு மாற்றி மாற்றிச் செய்து வரலாம். இரண்டு உரங்களையும் ஒரே வாளியில் கெட்டியாகக் கரைக்கக் கூடாது. சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் சேர்ந்து வெண்மையாகப் படிந்து, இரண்டுமே செடிக்குக் கிடைக்காமல் போகும்.

தக்காளிக் காயின் அடிமுனை கறுத்துக் குழி விழுமானால் அது சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததன் அறிகுறி. பெரும்பாலும் நீர் ஒரு நாள் இருந்து ஒரு நாள் இல்லாமல் போவதே இதற்குக் காரணம். இளம் இலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் தோன்றினால் இரும்புச் சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட்டும் ஒரு கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்க வேண்டும்.

சாணக் கரைசல், பஞ்சகவ்யம், அரிசி கழுவிய நீர் ஆகியவற்றை அடியறையில் ஒருபோதும் ஊற்றக் கூடாது. இவற்றை நீர் கலந்து மேல்மண்ணில் ஊற்றலாம். அங்கே காற்று இருப்பதால் நுண்ணுயிர்கள் அவற்றைச் சத்தாக்கும். அடியில் காற்று இல்லாததால் அவை அழுகவே செய்யும். சோப்பு நீர் எங்குமே ஆகாது.

உப்புதான் பெரிய பகை

வயலில் மழையும் பாசன நீரும் உப்பைக் கீழே இறக்கிவிடுகின்றன. அடிநீர்த் தொட்டியில் நீர் கீழிருந்து மேலே ஏறுகிறது; மேலே நீர் மட்டும் ஆவியாகிறது; அது கொண்டுவந்த உப்பு மண்ணிலேயே தங்குகிறது. மேல்மண்ணில் வெள்ளைப் பொடி படிவது இதனால்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். மின்கடத்துத் திறன் 1 டெசிசைமன்ஸ் உள்ள கிணற்று நீரில் லிட்டருக்குச் சுமார் 640 மில்லி கிராம் உப்பு கரைந்திருக்கும். 11 லிட்டரில் இது 7 கிராம். மூன்று மாதத்தில் 15 முறை நிரப்பினால் உரத்தைச் சேர்க்காமலேயே 100 கிராமுக்கு மேல் உப்பு அந்தச் சிறு பெட்டியில் சேர்ந்துவிடும்.

எனவே மாதம் ஒரு முறை அடித்துளையின் தக்கையைப் பிடுங்கிவிட்டு, மேலிருந்து 20 லிட்டர் நல்ல நீரை மெதுவாக ஊற்றிக் கழுவிவிட வேண்டும். வடியும் நீரை வீணாக்காமல் தென்னை மரத்தடிக்கு விடலாம்.

மேற்கே பாபநாசம் பக்கத்து ஆற்று நீர் நல்ல நீர். கிழக்கே கடலோரம் செல்லச் செல்லப் பல கிணறுகளில் உப்பு மிகுந்துள்ளது. தொட்டி அமைக்கும் முன் கிணற்று நீரை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். மின்கடத்துத் திறன் 0.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 0.7 முதல் 3 வரை இருந்தால் கழுவுவதைத் தவறாமல் செய்ய வேண்டும். 3க்கு மேல் இருந்தால் அந்த நீர் இம்முறைக்கு உதவாது. அவரை இனங்கள் உப்பை மிகக் குறைவாகவே தாங்கும். தக்காளி ஓரளவு தாங்கும்.

வெயில், கொசு, மழை

வெப்பம்: பெட்டியின் வெளிப்புறத்திற்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். நீர் சூடேறினால் உயிர்வளி குறைவதோடு வேரழுகல் பூசணமும் பெருகும். மேற்கு வெயில் நேராகத் தாக்காதபடி தென்னங்கீற்றுத் தட்டி வைக்கலாம். நீர் அறைக்குள் வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும்; எனவே ஒளி ஊடுருவும் பெட்டிகளைத் தவிர்க்க வேண்டும்.

கொசு: 2012ஆம் ஆண்டில் நம் மாவட்டத்தில் டெங்குக் காய்ச்சல் பரவியதை மறந்திருக்க மாட்டோம். அந்நோயைப் பரப்பும் கொசு வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது. ஏழு முதல் பத்து நாட்களில் முழுக் கொசுவாகிப் பறக்கிறது. நீர் ஊற்றும் குழாயின் வாயை மூடியாலும், வழிந்தோடும் துளையை நுண்ணிய நைலான் வலையாலும் காக்க வேண்டும். வாரம் ஒரு முறை அறையை முழுதும் காலியாக விடுவது இதற்கும் நல்லது.

மழை: வடகிழக்குப் பருவமழையில் வழிந்தோடும் துளை திறந்திருந்தால் செடி மூழ்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி கரைபுரண்டதை இவ்வட்டாரம் கண்டது. தாழ்வான கொல்லையைவிட மாடியில் தொட்டிகளை வைப்பது பாதுகாப்பானது. ஆனால் நிரம்பிய பெட்டி ஒன்றின் எடை 80 கிலோ வரை வரும். எனவே தளத்தின் நடுவில் வைக்காமல், சுவரின் மேல் எடை இறங்குமாறு ஓரத்தில் வைக்க வேண்டும். ஓட்டுக் கூரை, தகரக் கொட்டகை மேல் வைக்கக் கூடாது.

எதற்கு உதவும், எதற்கு உதவாது?

அடிநீர்த் தொட்டி வீட்டுத் தேவைக்கான முறை. ஐந்தாறு பெட்டிகள் இருந்தால் கீரையும் மிளகாயும் தக்காளியும் கோடையில் சமையலறைக்குக் கைகொடுக்கும். நிலமில்லாத தொழிலாளர் குடும்பமும் வாசலில் இதை வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் இதை ஏக்கர் கணக்கில் பெருக்கி வருவாய் காண எண்ணுவது தவறு. பெட்டி, குழாய், கலவை ஆகியவற்றுக்கு ஆகும் செலவை ஒரு கிலோ தக்காளியின் விலையோடு ஒப்பிட்டாலே இது விளங்கும். அவ்வாறே, மண்ணே இல்லாமல் பன்மடங்கு விளைச்சல் என்ற விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கிப் பெரிய ஹைட்ரோபோனிக்ஸ் கூடம் அமைக்க முனைவோர் மூன்று கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே முன்பணம் கட்ட வேண்டும். விளைபொருளை அந்த விலைக்கு வாங்குபவர் யார்? மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு என்ன? நம் கிணற்று நீரின் உப்பு எவ்வளவு? வேரும் நீரும் காற்றும் எவ்வாறு இணங்கி நடக்கின்றன என்பதை இரண்டு பெட்டிகளில் ஒரு கோடைக்காலம் பார்த்துப் பழகிவிட்டால், அந்தக் கேள்விகளைத் துணிவுடன் கேட்க முடியும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி

தை மாதத்தில் குழித்தட்டில் விதையுங்கள். மாசியில் இரண்டு அடிநீர்த் தொட்டிகளிலும், அதே கலவை நிரப்பிய இரண்டு சாதாரணத் தொட்டிகளிலும் ஒரே நாளில் ஒரே வகை நாற்றை நடுங்கள். ஊற்றும் நீரை லிட்டரிலும், பறிக்கும் காயைக் கிராமிலும் நோட்டில் குறித்து வாருங்கள். ஆனி மாதத்தில் கூட்டிப் பார்த்தால், உங்கள் நீருக்கும் உங்கள் வெயிலுக்கும் இம்முறை ஏற்றதா என்பது தெரிந்துவிடும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்கோ வட்டார வேளாண் அலுவலரிடமோ செல்லும்போது அந்த நோட்டையும் உடன் எடுத்துச் சென்றால், உங்கள் குறைக்கு ஏற்ற யோசனையை எளிதில் பெறலாம்.

பாடத்தை நினைவுபடுத்த ஐந்து வினாக்கள்

1. நெற்பயிர் தேங்கிய நீரில் வாழ்வதற்கும் கத்தரி அழுகுவதற்கும் காரணம் என்ன?

2. வழிந்தோடும் துளையை அடைத்துவிட்டால் என்ன நேரும்?

3. 19:19:19 உரம் வெறும் நீரைவிட மண்ணோடு சேரும்போது ஏன் நன்கு பயன்படுகிறது?

4. மேல்மண்ணில் வெள்ளைப் பொடி படிவது எதைக் காட்டுகிறது? என்ன செய்ய வேண்டும்?

5. சாணக் கரைசலை மேலே ஊற்றலாம், அடியறையில் ஊற்றக் கூடாது. ஏன்?

இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்தவர்கள் இந்தக் கோடையிலேயே ஒரு பெட்டியில் தொடங்கலாம். மேலே மண்ணும் கீழே நீரும் நடுவே காற்றும் அதனதன் இடத்தில் இருக்குமாறு பார்த்துக்கொண்டால், வாய்க்கால் காய்ந்த நாட்களிலும் வீட்டு வாசலில் ஒரு பசுஞ்செடி காய்த்து நிற்கும்.